நீர்த்தேக்கம் வற்றினால் கரண்ட் என்ன ஆகும்? இலங்கை நீர்மின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரி முடிந்து மார்ச் பிறந்தால் போதும், செய்தியில் காசல்ரீ நீர்த்தேக்கம் இத்தனை சதவீதம், மவுஸ்ஸாகலை இத்தனை சதவீதம் என்று தினமும் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டவர்கள் அடுத்து கேட்பது ஒன்றுதான்: மின்வெட்டு வருமா? அந்த ஒரு கேள்விக்குள் பத்துக் கேள்வி ஒளிந்திருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேக்கத்தில் தண்ணீர் 40 சதவீதம் என்றால் மின்சாரமும் 40 சதவீதம்தான் வருமா?

இல்லை. பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

நீர்மின் நிலையம் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நொடிக்கு எவ்வளவு தண்ணீர் டர்பைன் வழியாகப் போகிறது. இன்னொன்று, அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது. ஆயிரம் லீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பெல்லாம் போக, கிட்டத்தட்ட கால் யூனிட் மின்சாரம் கிடைக்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் இதிலிருந்தே வரும்.

மவுஸ்ஸாகலை 40 சதவீதத்துக்கு இறங்கியிருந்தாலும், இன்று மாலை வேண்டுமென்றால் அதன் தண்ணீரில் ஓடும் கென்யன் நிலையத்தின் 60 மெகாவாட்டையும் கிட்டத்தட்ட முழுசாகவே ஓட்டலாம். ஆனால் அப்படி எத்தனை நாள் ஓட்டலாம் என்பதுதான் பிரச்சினை. செய்தியில் வரும் சதவீதம் இன்றைய பலத்தைச் சொல்வதில்லை, கையிருப்பு எவ்வளவு என்பதையே சொல்கிறது. அது போதுமா போதாதா என்பது அடுத்த மழை எப்போது வரும் என்பதையும், அதே தண்ணீருக்காக வேறு யாரெல்லாம் காத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

அப்படியானால் மட்டம் இறங்குவதால் உடனடி நட்டம் எதுவும் இல்லையா?

அணையைப் பொறுத்தது. காசல்ரீ, மவுஸ்ஸாகலைத் தண்ணீரில் ஓடும் லக்ஷபானத் தொகுதி மலைச்சரிவில் இருக்கிறது, தேக்கம் மேலே, மின்நிலையம் பல நூறு மீட்டர் கீழே. பழைய லக்ஷபானவும் புதிய லக்ஷபானவும் நானூறு, ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீரில் ஓடுபவை. அதுவும் பெரிய தேக்கத்திலிருந்து நேரடியாக எடுப்பதில்லை, இடையில் உள்ள நோட்டன், கென்யன் போன்ற சிறு குளங்களிலிருந்து எடுக்கின்றன. அதனால் மேலே மவுஸ்ஸாகலை பத்து மீட்டர் இறங்கினாலும் இவற்றுக்கு அது தெரியவே தெரியாது.

விக்டோரியா வேறு மாதிரி. அதன் முழு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீட்டர். அதன் மின்நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் ரந்தெனிகல தேக்கத்தில் சேர்கிறது, அது நிரம்பியிருக்கும்போது 232 மீட்டர். ஆக இறக்கம் சுமார் 200 மீட்டர்தான். விக்டோரியாவில் 40 மீட்டர் இறங்கிவிட்டால் அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதே அளவு தண்ணீரை விட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு யூனிட் குறைவாகத்தான் வரும். போதாக்குறைக்கு அங்கே இருப்பவை பிரான்சிஸ் வகை டர்பைன்கள். வடிவமைத்த உயரத்தை விட்டு ரொம்ப விலகினால் அதிரும், திறன் குறையும், இரும்பு அரிக்கும்.

தமிழ்நாட்டில் மேட்டூரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே முழு மட்டமே 120 அடிதான், அதில் 60 அடி போனால் அணை மின்நிலையத்துக்கு என்ன மிஞ்சும் என்று சொல்லவே வேண்டாம். அதோடு மேட்டூரில் மின்சாரத்துக்காக யாரும் தண்ணீர் திறப்பதில்லை, டெல்டா பாசனத்துக்குத் திறக்கும்போது வழியில் கிடைப்பதுதான் மின்சாரம். திறப்பு இல்லையென்றால் தண்ணீர் இருந்தும் உற்பத்தி இல்லை.

மட்டம் பாதியாக இறங்கினால் தண்ணீரும் பாதிதானே போயிருக்கும்?

பாதிக்கு மேல் போயிருக்கும். பள்ளத்தாக்கு மேலே அகலம், அடியில் குறுகல். மேல் பத்து மீட்டரில் இருக்கும் தண்ணீர் கீழ்ப் பத்து மீட்டரில் இருக்காது. அதனால்தான் வறட்சியின் கடைசி வாரங்களில் மட்டம் திடீரென்று வேகமாக இறங்குவது போலத் தெரியும். யாரும் கூடுதலாகத் திறந்துவிடவில்லை, தேக்கத்தின் வடிவம் அப்படி.

எந்தத் தேக்கம் முக்கியம்? எல்லாவற்றிலும் பெரியது விக்டோரியாதானே?

கொள்ளளவில் விக்டோரியா பெரியதுதான், சுமார் 722 மில்லியன் கன மீட்டர். மவுஸ்ஸாகலை அதில் ஆறில் ஒரு பங்கு இருக்கும், காசல்ரீ அதிலும் பாதி. ஆனால் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று கேட்டால் கதை தலைகீழாகிவிடும்.

காசல்ரீயில் இருக்கும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தில் டர்பைனைச் சுழற்றுகிறது, பிறகு நோட்டன் குளம், அங்கிருந்து பழைய லக்ஷபான, அடுத்து லக்ஷபான குளம், கடைசியில் பொல்பிட்டிய. மவுஸ்ஸாகலைத் தண்ணீர் கென்யன், புதிய லக்ஷபான, அப்புறம் அதே பொல்பிட்டிய. ஒரே தண்ணீர், மூன்று நிலையம், மொத்த இறக்கம் 900 மீட்டருக்கு மேல். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஆயிரம் லீட்டருக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல். விக்டோரியாத் தண்ணீர் ரந்தெனிகல, ரந்தம்பே என்று மூன்று நிலையம் தாண்டினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தேறும்.

எனவே மவுஸ்ஸாகலை இருக்கும் மஸ்கெலியாப் பக்கம் பெய்யும் ஒரு மழையும் விக்டோரியா இருக்கும் தெல்தெனியாப் பக்கம் பெய்யும் ஒரு மழையும் மின்சாரக் கணக்கில் சமம் இல்லை. 1918இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலைகளைக் காட்டி இங்கே மின்சாரம் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார். பழைய லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல். அந்த இடைவெளிக்குக் காரணம் தண்ணீர் இல்லாததல்ல.

நேற்றுதான் வான்கதவு திறந்தார்கள் என்று செய்தி வந்தது, இன்று தண்ணீர் இல்லை என்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும், நியாயமான கோபமும்கூட. ஆனால் இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

திறந்தது எந்த வான்கதவு என்று பாருங்கள். பெரும்பாலும் மேல் கொத்மலையாக இருக்கும், இல்லாவிட்டால் லக்ஷபான, கென்யன், நோட்டன். இவை எல்லாம் தேக்கி வைப்பதற்கான இடங்கள் அல்ல, தண்ணீரைச் சுரங்கத்துக்குள் திருப்பி அனுப்பும் சிறு குளங்கள். தலவாக்கலையில் இருக்கும் மேல் கொத்மலைக் குளம் வெறும் 0.8 மில்லியன் கன மீட்டர்தான் பிடிக்கும். அதன் நிலையம் 150 மெகாவாட், முழுவேகத்தில் ஓடினால் நிரம்பிய குளம் ஆறு மணி நேரத்தில் காலி. ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழைக்கு அது வான் பாயாமல் என்ன செய்யும்? வாளி வழிந்ததை வைத்துக் கிணறு நிரம்பிவிட்டது என்று சொல்ல முடியுமா?

காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, சமனலவெவ. மாதக்கணக்கில் தண்ணீரை வைத்திருந்து பயன்படுத்தும் முக்கியத் தேக்கங்கள் இவை ஆறும்தான். இவற்றில் ஒன்று வான் பாய்கிறது என்றால் அது உண்மையிலேயே நல்ல செய்தி. மற்றவை வான் பாய்ந்தால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் அதில் சேதி எதுவும் இல்லை.

எல்லாத் தேக்கமும் நிரம்பியிருந்தால் எத்தனை மாதம் கவலையில்லை?

ஆறு பெரிய தேக்கங்களும் முழுசாக நிரம்பியிருந்தால் அதில் அடங்கியிருக்கும் மின்சாரம் சுமார் 1,200 மில்லியன் யூனிட். நாட்டின் ஒரு நாள் தேவை ஏறத்தாழ 45 மில்லியன் யூனிட். வகுத்துப் பாருங்கள், ஒரு மாதம்கூட வராது!

எனவே நிரம்பியது என்பதை நாட்டுக்கே மாதக்கணக்கில் கரண்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர்மின்னை மற்ற நிலையங்களோடு கலந்து, மழைக்கு மழை இடைவெளியைக் கடக்கப் பயன்படுத்துகிறார்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து காசல்ரீ, மவுஸ்ஸாகலைப் பக்கத்தை நிரப்பும். வடகீழ்ப் பருவமழை ஆண்டு முடிவில் மகாவலியின் கிழக்குப் பக்கத் தேக்கங்களுக்குக் கைகொடுக்கும். ஜனவரியில் இருப்பதை வைத்துக்கொண்டு மே வரை ஓட்ட வேண்டும், நடுவில் ஏப்ரல் மாதத்து இடிமழை வந்தால் அதிர்ஷ்டம்.

தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, கடைசிச் சொட்டு வரை எடுத்தால் என்ன?

எடுக்க முடியாது. தண்ணீர் உள்ளே போகும் வாய் அணையின் அடியில் இல்லை, கொஞ்சம் மேலேதான் வைத்திருப்பார்கள், அடியில் சேறு சேரும் என்பதால். மட்டம் அந்த வாய்க்கு அருகே வந்தால் சுழல் உண்டாகி காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்றுக் குமிழியும் மண்ணும் டர்பைனுக்குள் போனால் நடக்கும் சேதத்தைச் சரிசெய்ய மாதக்கணக்கில் நிலையத்தை மூட வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு தேக்கத்துக்கும் மின் உற்பத்திக்கான கடைசி மட்டம் என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே இருப்பது மின்சாரத்துக்கு இல்லாத தண்ணீர்.

இதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் ஆப்பிரிக்காவின் கரிபா. சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் சாம்பேசி ஆற்றில் கடல் போலக் கிடக்கும் தேக்கம் அது. ஆனால் மின்சாரத்துக்குப் பயன்படுவது 488.5 மீட்டருக்கும் 475.5 மீட்டருக்கும் இடைப்பட்ட 13 மீட்டர் மட்டும்தான். 2022 முடிவில் அந்த 13 மீட்டரில் இருந்த தண்ணீர் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. ஆற்று ஆணையம் ஜிம்பாப்வேயைப் பார்த்து உன் பங்கு முடிந்துவிட்டது, நிறுத்து என்று சொன்னது. கரையில் நின்று பார்த்தவருக்கு அப்போதும் எதிர்க்கரை தெரியாத தண்ணீர்தான் தெரிந்திருக்கும். அமெரிக்காவிலும் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2021 ஆகஸ்டில் மட்டம் இறங்கி மின்நிலையத்தை மூடினார்கள், 1960களில் கட்டியதிலிருந்து வறட்சிக்காக மூடியது அதுவே முதல் தடவை.

நம் பக்கம் வந்தால், மவுஸ்ஸாகலை நன்றாக இறங்கிய வருடங்களில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் கட்டட மிச்சங்களும் வெளியே வரும், ஆட்கள் போய்ப் பார்த்துப் படம் எடுப்பார்கள். மின்சாரத் துறைக்கு அது கவலைப்பட வேண்டிய அறிகுறி.

தண்ணீரை மின்சாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மின்வெட்டே வராதே?

யார் அதை விடுவார்கள்?

மகாவலியில் பொல்கொல்ல என்று ஓர் இடம். அங்கே வந்து சேரும் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்பி, அங்கிருந்து போவதென்ன என்ற தேக்கம் வழியாகத் தம்புள்ளை, அனுராதபுரம் பக்கத்துக் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். மீதி ஆற்றோடு போய் விக்டோரியாவில் சேரும். திருப்பிய தண்ணீர் உக்குவளையில் 40 மெகாவாட் நிலையத்தைச் சுற்றும், ஆனால் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே மூன்றையும் தவறவிடும். எனவே சிறுபோகத்துக்கு வடக்கே எவ்வளவு தண்ணீர் அனுப்புவது என்று பேசும் மேசையில் மின்சாரமும் உட்கார்ந்திருக்கிறது. வயலில் இருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் பயிர் காய்கிறது, கொழும்பில் இருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் கரண்ட் போகிறது. என்னைக் கேட்டால் இந்த இரண்டில் பயிருக்குத்தான் முதலிடம், காரணம் மின்சாரத்துக்கு எண்ணெய் என்று ஒரு மாற்று வழி இருக்கிறது, நெல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த மாற்று வழிக்கு விலை உண்டு என்பது தனிக்கதை.

2023 ஆகஸ்டில் இந்த இழுபறி வெளிப்படையாகவே வெடித்தது. உடவளவை விவசாயிகள் தங்களுக்கு மேலே இருக்கும் சமனலவெவத் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார்கள். திறந்தால் தென்பகுதியில் மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வரும் என்று அன்றைய அமைச்சர் கஞ்சன விஜேசேகர சொன்னார். கடைசியில் திறக்க முடிவானது. நாடு முழுக்க மின்சாரம் இருக்கும்போது தெற்குக்கு மட்டும் ஏன் வெட்டு என்று அப்போது பலர் கேட்டார்கள். விஷயம் கம்பியில் இருக்கிறது. வேறு இடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் கம்பிகளுக்கு ஓர் எல்லை உண்டு, அந்தக் குறையை நிரப்புவது சமனலவெவயின் 120 மெகாவாட். ஆக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

அப்புறம் குடிநீர். களனி ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடல் உப்பு மேலேறி வந்து கொழும்புக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தலை வரை எட்டிப்பார்க்கும். அந்த நேரத்தில் லக்ஷபானத் தொகுதியிலிருந்து வரும் தண்ணீர்தான் உப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மின்சாரத்துக்குச் சேமிக்கலாம் என்று மேலே முழுசாக மூடிவைக்கவும் முடியாது.

இதற்கு முன் இப்படிக் கெட்ட வருடங்கள் வந்திருக்கின்றனவா?

1996ஐ நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு முந்திய வருடம் வரை நாட்டின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரிலிருந்தே வந்தது, மழை பொய்த்ததும் நாளைக்கு எட்டு மணி நேரம் வரை வெட்டு. அந்த அடிக்குப் பிறகுதான் எண்ணெய், நிலக்கரி என்று வேகமாகப் போனார்கள், 2011லிருந்து 2014க்குள் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் 900 மெகாவாட் வந்தது.

2019 மார்ச்சில் மறுபடி தண்ணீர் இறங்கி, மணிக்கணக்கு வைத்து வெட்டினார்கள். 2022 மார்ச் முடிவில் 13 மணி நேரம் வரை போனதற்குத் தண்ணீர் குறைவு ஒரு காரணம்தான், எண்ணெய் வாங்க டொலர் இல்லாதது பெரிய காரணம். தண்ணீர் குறைந்தால் எண்ணெய், எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீர் என்று ஓடிய நாட்டில் இரண்டும் ஒரே மாதத்தில் இல்லாமல் போனது.

நிலக்கரி, எண்ணெய், சூரிய மின்சாரம் எல்லாம் இருக்கிறதே, இன்னும் ஏன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

முதல் காரணம் விலை. பெரிய அணைகளுக்குப் போட்ட காசு எப்போதோ போட்டாயிற்று, தண்ணீருக்கு விலையில்லை. அதே யூனிட்டை டீசலிலோ உலை எண்ணெயிலோ எடுத்தால் பல மடங்கு செலவு, அதுவும் டொலரில். 2013 போன்ற நல்ல மழை ஆண்டில் பெரிய நீர்மின் நிலையங்களே நாட்டின் மின்சாரத்தில் பாதியளவு தந்தன, 2017 போன்ற வறண்ட ஆண்டில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்த வித்தியாசத்தை எண்ணெய் நிரப்புகிறது, பில்லில் அது எப்படியும் வந்து சேரும்.

இரண்டாவது, வேகம். நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்ப மணிக்கணக்கில் ஆகும். நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் தயார். மாலை ஆறரைக்கு நாடே விளக்கைப் போடும்போது, சூரியன் போய்விட்டது, தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டுகிறது, அந்த ஏற்றத்தைத் தாங்குவது விக்டோரியா, கொத்மலை, லக்ஷபான மாதிரி நிலையங்கள்தான். கூரைச் சூரியத்தகடுகள் பெருகிய பிறகு ஒரு நன்மை, பகலில் தண்ணீரைச் செலவழிக்காமல் மாலைக்கு வைத்திருக்கலாம்.

சிறு நீர்மின் நிலையங்கள் நிறைய இருக்கின்றனவே, அவை உதவாதா?

மழை இருக்கும்போது உதவும். அவற்றுக்குத் தேக்கம் இல்லை, ஓடையில் வருவதை வைத்து ஓடுகின்றன. வறட்சியில் முதலில் நிற்பதே அவைதான்.

செயற்கை மழை?

2019 மார்ச்சில் விமானப்படை விமானத்தில், தாய்லாந்து நிபுணர்களின் துணையோடு, மவுஸ்ஸாகலை, காசல்ரீப் பக்கத்து மேகங்களில் இரசாயனம் தூவிப் பார்த்தார்கள், கொஞ்சம் மழையும் பெய்தது. அந்த மழை தூவாவிட்டாலும் பெய்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மேகம் இருந்தால்தான் தூவவே முடியும், நிஜமான வறட்சியில் மேகமே இருக்காது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதைவிடத் தேயிலைச் சரிவிலும் மரக்கறித் தோட்டத்திலும் மண் அரித்து வந்து பொல்கொல்ல, ரந்தம்பே போன்ற குளங்களை நிரப்புவதைத் தடுத்தால் அதுவே லாபம்.

வீட்டில் இரண்டு விளக்கை அணைத்தால் தேக்கத்தில் தண்ணீர் மிஞ்சுமா?

எந்த நேரத்தில் அணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மிஞ்சும். வெயில் நன்றாக அடிக்கும் மதியத்தில் மிச்சம் பிடிப்பதைவிட மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் மிச்சம் பிடிப்பதற்குப் பயன் அதிகம், அந்த நேரத்தில்தான் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து செலவாகின்றன. லக்ஷபானக் கணக்கில் நீங்கள் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், காசல்ரீயில் கிட்டத்தட்ட ஐந்நூறு லீட்டர் தண்ணீர். இஸ்திரி போடுவது, சலவை மெஷின், தண்ணீர் மோட்டார் மூன்றையும் பகலுக்கு மாற்றுங்கள், முதலில் அதுவே போதும்.